ஒன்று புள்ளி ஒன்பது பெண் கேட்கப் போன கதை

நுஸ்ரெத்துக்குக் கடவுள் ஒருவர், மனைவி ஒருத்தி, எஞ்சின் ஒன்று. முதல் இருவரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். மூன்றாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு பஸ் போய்விடும். ஒன்று புள்ளி ஒன்பது லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ டீசல், தொண்ணூறு குதிரைச் சக்தி. இதைச் சொல்லும்போது அவர் குரல் மசூதிக்குள் பேசுவதுபோலத் தாழ்ந்துவிடும். போஸ்னியாவில் இந்த எஞ்சினைப் புகழாத ஆண்பிள்ளை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் புகழ்ந்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள், இவர் போகமாட்டார்.

இத்தனைக்கும் அது அவருடைய காரோடு பிறந்த எஞ்சினே அல்ல. சிவப்புக் காரோடு வந்தது ஒரு சோப்ளாங்கிப் பெட்ரோல் எஞ்சின். அது மூச்சை விட்டதும், ஸெனிட்ஸா பக்கம் ஓடையில் கவிழ்ந்து நசுங்கிப்போன ஒரு பேக்கரி வேனிலிருந்து இந்த டீசலைத் தூக்கி வந்து தன் கையாலேயே மாட்டினார். வேன் அப்பளமாகிப் போயிருந்தது, எஞ்சினுக்கு ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு விழுந்த காதல், ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் குறையவில்லை. முதல் ஒரு வருஷம் காரை ஓட்டினாலே ரொட்டி வாசனை வந்தது என்பார். அதெல்லாம் அவருடைய பிரமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரமீசா கண்ணாடிமுன் நின்று தலைத்துணியைக் கட்டிக்கொண்டே கணவருக்குத் தடையுத்தரவு போட்டாள்.

"நுஸ்ரெத், இங்க பாரு. அந்த வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுறதுலேர்ந்து திரும்ப மாட்டுற வரைக்கும் எஞ்சின்ங்கற வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது."

"டர்போ?"

"அதுவும்தான்."

"டீசல் விலை ஏறிடுச்சுன்னு பொதுவா ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? அது நாட்டு நடப்பு."

ரமீசா கண்ணாடி வழியாகவே ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நுஸ்ரெத்துக்கு நன்றாகத் தெரியும், வாயை மூடிக்கொண்டார்.

தடையுத்தரவுக்குக் காரணம் இருந்தது. மகன் எல்வெதினுக்குப் பெண் கேட்கப் போகிறார்கள். பெண் ஸனேலா, தங்கமான பெண், மருந்துக்கடையில் வேலை. அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. குறையெல்லாம் அவள் அப்பா ஹாஸிப்பிடம்தான். ஹாஸிப் ஊரின் வண்டிப் பரிசோதனை நிலையத்தில் இருப்பவர். வருஷாவருஷம் எல்லோரும் அவர் முன்னால்தான் காரை நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, புகை எவ்வளவு என்று காட்டி முத்திரை வாங்கவேண்டும். போன வசந்தத்தில் நுஸ்ரெத்தின் காரைப் புகைக்காக அவர் மூன்று தரம் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பினதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழ, "இது கார் இல்லப்பா, இறைச்சி புகை போடுற அறை. உள்ள ரெண்டு மாட்டுத்தொடையைத் தொங்கவிட்டு ஓட்டு, வீட்டுக்குப் போறதுக்குள்ள பதமாயிடும்" என்றார்.

நுஸ்ரெத் சும்மா இருப்பாரா? ஹாஸிப் ஓட்டுவது பின்னால் கேஸ் சிலிண்டர் வைத்த பெட்ரோல் கார். "உன்னுது மட்டும் காரா? அடுப்பு. வழியில நின்னா பீன்ஸாவது வேகவெச்சுச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் பூமியைப் பார்ப்பார். ஜூன் மாதம் எல்வெதின் தலையைக் குனிந்துகொண்டு வந்து ஹாஸிப் மகளைத்தான் கட்டுவேன் என்றான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய்விடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஸனேலா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மகள். அப்பா மனசார வாழ்த்தி அனுப்பினால்தான் வருவேன், அவர் முகம் கோணினால் காலம் பூரா இப்படியே இருந்துவிடுகிறேன் என்று எல்வெதினிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம், அப்பாவைப் போலவே. ஹாஸிப்பும் 'வரட்டும், காபி சாப்பிடட்டும்' என்று சொல்லியனுப்பினாரே தவிர அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆக, பையனின் வாழ்க்கை நுஸ்ரெத்தின் நாக்கு நுனியில் நின்றது. அது எவ்வளவு ஆபத்தான இடம் என்று ரமீசாவைத் தவிர யாருக்குத் தெரியும்?

புறப்படுமுன் ஆயில் பார்க்கிற சடங்கு நடந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். எங்கள் ஊர் இரண்டு மலைச்சரிவுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கால்பந்து மைதானத்தை விட்டால் தட்டையான இடம் என்று ஒன்று கிடையாது, அந்த மைதானத்திலும் ஒரு பக்கக் கோல் பள்ளத்தில் இருக்கிறது. கார்கள் எல்லாம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அப்படி நிற்கிற காரில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும், ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் நுனியில் ஒட்டினதுபோலக் காட்டும். ஆயிலைச் சமதளத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மைதானம் வரைக்கும் யார் இறங்குவது?

போதாததற்கு எங்கள் ஆண்பிள்ளைகளிடம் ஒரு வியாதி. பானெட்டைத் திறந்துவிட்டால் ஒன்றும் செய்யாமல் மூடமாட்டார்கள். பெண் கேட்கப் போகிற நாளில் வண்டி வழியில் நின்றால் மானம் போகும் என்று நுஸ்ரெத் விடியற்காலையிலேயே கம்பியைப் பார்த்துவிட்டு, வருத்தப்பட்டு, ஒரு லிட்டர் ஊற்றினார். அவர் முகம் மழிக்கப் போன நேரத்தில் எல்வெதின் வந்து பார்த்தான். அப்பாவுக்குப் பதற்றத்தில் மறந்துபோயிருக்கும் என்று நினைத்து அரை லிட்டர் ஊற்றினான். ரமீசாவின் அண்ணன் ஸியாத், ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் வேலை செய்கிறவர், மாமன் முறைக்குக் கூட வருவதற்காக லீவு போட்டு வந்திருந்தார். அவரும் கோட்டைக் கழற்றாமலே பானெட்டைத் திறந்து பார்த்து, 'இவங்க எல்லாம் எப்படித்தான் வண்டி வெச்சிருக்காங்களோ' என்று முனகி, பழைய காருக்கு வாங்கி டிக்கியில் மிச்சமிருந்த தன்னுடைய ஆயிலில் அரை லிட்டர் சேர்த்தார். ஒருவர் செய்ததை ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நல்லது செய்கிறவன் தம்பட்டம் அடிக்கலாமா?

கார் ஏற்றத்தில் ஏறும்போது பின்னால் நீலமாக ஒரு படலம் வந்தது.

"என்னப்பா, புகை ஜாஸ்தியா இருக்கு?" என்றான் எல்வெதின்.

"பனி" என்றார் நுஸ்ரெத்.

"ஆகஸ்ட் மாசத்துலயா?" என்றார் ஸியாத்.

"மலைன்னா அப்படித்தான் மச்சான். லின்ஸ்ல உனக்கு மறந்துபோச்சு."

ஹாஸிப்பின் வீடு எதிர்ச் சரிவின் உச்சியில். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், ஹாஸிப்பின் மனைவி ஷெஃபிகா ஆளுக்கு ஒரு ஜோடி வீட்டுச்செருப்பு கொடுத்தாள். ரமீசா கொண்டுவந்த காபித்தூள், கட்டிச் சர்க்கரை, பெரிய வட்டத் தட்டு நிறைய பக்லாவா இனிப்பு எல்லாம் உள்ளே போயின. ஹாஸிப் சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தார். கை கொடுத்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். நுஸ்ரெத் இருப்பதிலேயே தூரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தார்.

முதல் காபி வந்தது. எங்கள் பக்கம் காபி மூன்று தரம் வரும். வந்தவரை வரவேற்க ஒன்று, பேச்சு வளர ஒன்று, கடைசியாகப் 'போய் வாருங்கள்' என்பதற்கு ஒன்று. மூன்றாவதை ஊற்றிக் கொடுத்துவிட்டால் வாயால் சொல்லவேண்டியதில்லை, விருந்தாளி குடித்துவிட்டுத் தானே எழுந்துவிடுவான். அதனால் கெட்டிக்கார வீட்டுக்காரிகள் அதை அவசரப்பட்டுக் கொண்டுவரமாட்டார்கள்.

முதல் காபி நன்றாகவே போனது. பிளம் விளைச்சல், தண்ணீர்க் குழாய், யார் வீட்டில் யாருக்கு மூட்டுவலி. ரமீசா பேசினாள், ஷெஃபிகா பேசினாள், ஸனேலா தட்டோடு வந்து சிரித்துவிட்டுப் போனாள். எல்வெதினுக்குக் காது சிவந்தது. நுஸ்ரெத் ஆகஸ்ட் முடித்துச் செப்டம்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது காபியும் வந்தது. ரமீசா மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்று தொண்டையைச் செருமினாள். ஸியாத் மாமா முந்திக்கொண்டார்.

"நான் இப்போ கரண்ட் கார்தான். சத்தமே இல்ல. இன்னும் பத்து வருஷத்துல டீசல்னு ஒண்ணு இருந்துச்சுன்னு மியூசியத்துலதான் காட்டுவாங்க."

நுஸ்ரெத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ரமீசாவின் கால் மேஜைக்கடியில் அவர் காலைத் தேடிற்று.

"டீசல் செத்துப் பல வருஷம் ஆச்சு" என்றார் ஹாஸிப் காபியைப் பார்த்துக்கொண்டே. "புகை மட்டும்தான் இன்னும் உயிரோட இருக்கு. நான் தினம் பாக்கறேனே."

"பாக்கறவங்க பாக்கற லட்சணம்" என்றார் நுஸ்ரெத்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. காலண்டர் நல்லா இருக்குன்னேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஹாஸிப் விடவில்லை. "எஞ்சினைக் குறை சொல்லலைங்க. அதது இருக்க வேண்டிய இடத்துல இருந்தா நல்ல எஞ்சின்தான். பேக்கரி வேனுக்குப் பொறந்ததைக் கொண்டாந்து பெட்ரோல் காருக்குள்ள திணிச்சா அதுக்குப் பேரு பொருத்தமா?"

ரமீசாவின் கால் அவர் காலைக் கண்டுபிடித்து மிதித்தது. நுஸ்ரெத்துக்கு அது உறைக்கவே இல்லை. அணை உடைந்துவிட்டது.

"திணிச்சேனா? தூக்கி வெச்சேன்! போல்ட் ஒண்ணொண்ணும் தானா போய் உக்காந்துச்சு. ஒரு ஓட்டை போடல, ஒரு பட்டை வெட்டல. அந்த எஞ்சின் காருக்குப் போகும், வேனுக்குப் போகும், படகுக்குப் போகும். எங்க தெருவுல ஒருத்தன் மரம் அறுக்கற மெஷின்லயே மாட்டி வெச்சிருக்கான். கம்ப்யூட்டர் கேக்காது, நல்ல டீசல் கேக்காது, உருளைக்கிழங்கு பொரிச்ச எண்ணெய ஊத்துனாலும் ஓடும்."

"ஆரம்பத்துல எல்லாம் தானாத்தான் உக்காரும். ஒரு வருஷம் போனாத் தெரியும். எங்கேயோ ஆடும், எங்கேயோ உரசும். ரெண்டும் வேற வேற வீட்டுச் சாமான்."

"ஏழு லட்சம் ஓடியிருக்கு!"

"ஓடியிருக்கு. மத்தவங்களுக்கு இருமல் வர ஓடியிருக்கு."

சமையலறை வாசலிலிருந்து ஸனேலா எட்டிப்பார்த்தாள். "அப்பா, எஞ்சினைப் பத்தித்தானே பேசறீங்க?"

 மரியாதை எல்லாம் கழன்றுபோய் 'நீங்க' இரண்டு பக்கமும் 'நீ' ஆகிவிட்டிருந்தது. "உன் அடுப்பை விட என்னுது மேல்" என்று நுஸ்ரெத் சொன்னார். "உன் மூஞ்சிக்கு அந்தப் புகைதான் சரி" என்று ஹாஸிப் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்தார். "விறகு எடுத்துட்டு வரேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

 எல்வெதின் அப்பாவைப் பார்க்கவில்லை, கோப்பையின் அடியில் தங்கிய காபி வண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நுஸ்ரெத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஸியாத் மாமா நான் என்ன செய்தேன் என்பதுபோலக் கையை விரித்தார்.

ஹாஸிப் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். முகம் இறுகியிருந்தது. விறகு இல்லை. கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே வந்து, உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தார். ஷெஃபிகாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கணவருக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தால் என்ன சொல்வாரோ, ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லிவிட்டால் பிறகு அதை எப்படித் திருப்புவது? சொல்வதற்குள் இவர்களை அனுப்பிவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தில்தான் அவள் ஓடிப்போய் மூன்றாவது காபியைக் கொண்டுவந்தாள்.

ரமீசா கோப்பையைப் பார்த்தாள். கண் கலங்கிற்று. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான், முடிந்தது.

காரில் ஏறி உட்கார்ந்தபோது நுஸ்ரெத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எஞ்சின்மேல் வெறுப்பு வந்தது. பையனுக்கு இருபத்தைந்து வயது. கேட்டது ஒரே ஒரு பொருள், அதையும் அப்பன் தன் நாக்கால் தட்டிவிட்டான். என்ன மனுஷன் நான் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்கலாமா என்றும் நினைத்தார். ஹாஸிப் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்யத்தான் நிற்கிறார் என்று நுஸ்ரெத்துக்குத் தோன்றவே, மன்னிப்பை விழுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. பிறகு யாரும் கேட்காமலே வேகம் பிடித்தது. நுஸ்ரெத் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்னும் வேகம் பிடித்தது. சாவியைத் திருப்பி அணைத்தார், அணையவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார், எஞ்சின் அதைச் சட்டையே செய்யவில்லை. டீசலை நிறுத்தினால் என்ன? வயிறு முட்ட ஆயில் இருக்கிறது. அது டர்போ வழியாகப் பொங்கி வர, அதையே குடித்துக்கொண்டு பேய் பிடித்ததுபோல அலறிற்று. பின்னாலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பி முதலில் ஹாஸிப்பின் வேலியை மறைத்தது, அப்புறம் ஹாஸிப்பின் வீட்டை மறைத்தது.

ரமீசாவும் ஸியாத்தும் எல்வெதினும் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்கள். தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. யாரோ போனில் படம் எடுத்தான். யாரோ ஒருவன் பூச்செடிக்கு ஊற்றுகிற வாளியோடு ஓடிவந்தான். ஒரு கிழவர் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "ஒன்னு புள்ளி ஒம்பது. இதுக்குச் சாவே கிடையாதுப்பா" என்று பக்தியோடு சொன்னார்.

புகைக்குள்ளிருந்து ஹாஸிப் வீட்டுச்செருப்போடு பாய்ந்து வந்தார். "அஞ்சாவது கியர்! பிரேக்கை மிதிச்சுக்கிட்டுக் கிளட்ச்சை விடு!"

"எஞ்சினுக்கு வலிக்கும்ய்யா!"

"வெடிச்சா உனக்கு வலிக்கும். விடுடா!"

நுஸ்ரெத் கியரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிளட்ச்சை விட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கிற்று, கிளட்ச் வழுக்கி ஒரு கருகல் வாசனை வந்தது, எஞ்சின் பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது.

"கிளட்ச் எப்போ மாத்துன?" என்று கத்தினார் ஹாஸிப்.

"மாத்தணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்!"

"நினைச்சியா? இறங்கு, இறங்கு. காத்தை அடைக்கணும்."

இரண்டு பேரும் பானெட்டைத் தூக்கினார்கள். நுஸ்ரெத் காற்றுக் குழாயைப் பிடுங்கி இழுத்தார், அதன் வாய் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஊளையிட்டது. எல்வெதின் உள்ளங்கையால் மூடப் பார்த்தான். ஹாஸிப் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். "விரல் போயிடும்டா! தட்டையா ஏதாவது கொடுங்க!"

வாசலில் ஷெஃபிகா ரமீசாவின் பக்லாவாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எந்த மனக்கசப்பிலும் யார் வீட்டுப் பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று, அதில் கீரை வைத்துச் சுட்ட பீட்டா அடைகளை அடுக்கியிருந்தாள். ஸனேலா அம்மா கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். அத்தனை பீட்டாவையும் புல்லில் கவிழ்த்தாள், ஓடிவந்து அப்பாவிடம் நீட்டினாள். நுஸ்ரெத் குழாயைப் பிடித்துக்கொள்ள, ஹாஸிப் தட்டின் அடிப்பக்கத்தை அதன் வாயில் வைத்து நெஞ்சால் அழுத்தினார். எஞ்சின் திணறிற்று. விக்கிற்று. இரண்டு தரம் உதைத்தது. நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதியை அந்தச் சரிவு அதுவரை கேட்டதில்லை. புகை விலகியபோது இரண்டு பேரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். ஹாஸிப்பின் வெள்ளைச் சட்டையில் தட்டின் வட்டம் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"போச்சு" என்றார் நுஸ்ரெத். "செத்துப்போச்சு."

"சும்மா இரு. முதல்ல பாப்போம்."

காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஹாஸிப்பின் கேரேஜுக்குள் விட்டார்கள். அவரே ரசமட்டம் வைத்துப் போட்ட தரை, அந்தச் சரிவிலேயே நேராக இருந்த ஒரே இடம். கம்பியை உருவினார். ஆயில் கம்பியின் பிடிவரைக்கும் ஏறியிருந்தது. ஹாஸிப் நுஸ்ரெத்தைப் பார்த்தார். ஒரு சின்ன வாளியைத் தள்ளி, அடியில் படுத்து, ஆயில் இறக்கும் திருகைக் கழற்றினார். வாளி நிரம்பியது. இன்னொரு வாளி வைத்தார்கள். அப்புறமும் வந்துகொண்டிருந்தது. கோஸ் ஊறுகாய் போடும் ஜாடியைக் கொண்டுவரச் சொன்னபோது ஷெஃபிகா மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஆயிலை யாரு ஊத்துனது?" என்றார் ஹாஸிப். பரிசோதனை நிலையத்துக் குரல்.

"காலையில நான். ஒரு லிட்டர்" என்றார் நுஸ்ரெத்.

"அப்புறம் நான் கொஞ்சம்" என்றான் எல்வெதின். "அரை லிட்டர் இருக்கும்."

ரமீசா அண்ணனைப் பார்த்தாள். ஸியாத் டையைத் தளர்த்திக்கொண்டார். "நானும் ஒரு அரை லிட்டர். ஆனா நம்முது நல்ல ஆயில்."

"எல்லாரும் ஏத்தத்துல நிக்கும்போது பாத்தீங்களா?"

மூன்று தலைகளும் ஆடின. நுஸ்ரெத்துக்குச் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. எஞ்சின்மேல் தப்பில்லை! ஆள்மேல்தான் தப்பு! விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். ஒன்று புள்ளி ஒன்பதுக்கு நாலேகால் லிட்டர் போதும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். மறுபடியும் மடக்கினார். வாளிகளைப் பார்த்தார்.

"இடிக்குதே. நாங்க ஊத்துனது எல்லாம் சேத்தா ரெண்டு லிட்டர். இங்க மூணு ஜாஸ்தியா வந்திருக்கு. ரமீசா, நீ ஏதாவது ஊத்துனியா?"

"ஊத்தியிருந்தா உன் தலையில ஊத்தியிருப்பேன்."

அதுவரை எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்த ஹாஸிப் இப்போது ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். ஷெஃபிகா அவரைக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"ஹாஸிப், நீ விறகு எடுக்கப் போனியே."

"ஆமா."

"விறகு அடுப்பைத்தான் நாம போன வருஷமே எடுத்துட்டோமே."

ஹாஸிப் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கழுத்துவரை சிவந்துபோனார். பரிசோதனை நிலையத்தில் முப்பது வருஷம், ஆயிலை ஏற்றத்தில் பார்க்காதே என்று ஆயிரம் பேரை அதட்டியிருப்பார்.

"திருட்டுத்தனமா பாக்கும்போது சமதளத்துக்கா தள்ளிட்டுப் போவாங்க?" என்றார் கோபமாக. "கோபத்துலதான் வெளிய வந்தேன். இவன் பீத்திக்கிற எஞ்சின் என்ன லட்சணம்னு பாக்கத்தான் திறந்தேன். கம்பி காஞ்சு கிடந்துச்சு. உள்ள வந்து சொல்லியிருந்தா மகன் முன்னாடி இவன் மானம் போயிருக்கும். அதான் சொல்லாம ஒரு லிட்டர் ஊத்திட்டேன்."

"நான் உன்னை அவ்வளவு பேசினேன். வண்டி வழியில நின்னாத்தான் என்னன்னு விட்டிருக்கலாமே" என்றார் நுஸ்ரெத்.

"எப்படி விடறது?" ஹாஸிப் யார் முகத்தையும் பார்க்கவில்லை, காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இனிமே என் பொண்ணு இதுலதானே வரப்போறா, போகப்போறா."

 ஸனேலா கேரேஜ் வாசலில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரமீசா அவளைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். எல்வெதின் அடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டு அசடாகச் சிரித்தான்.  இந்த மனுஷனுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும், பெரிதாக ஏதாவது, இதுவரை யாருக்கும் கொடுக்காதது என்று நுஸ்ரெத் தவித்தார். அவரிடம் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். கவிழ்த்து வைத்த ஒரு வாளிமேல் உட்கார்ந்து, கரியும் கண்ணீருமாக இருந்த முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"ஹாஸிப்" என்றார். "என் எஞ்சின் புகை விடுதுய்யா."

"தெரியும், சம்பந்தி" என்றார் ஹாஸிப்.